‘பார்ட்னர்’ என்னும் முகமூடி

உருவகம் கவிதைக்கு அணி மட்டுமன்று. வர்க்கப் போராட்டத்தில் அதற்கும் ஒரு பக்கம் உண்டு. 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் மூலதனத்தை இரத்தக் காட்டேரியாக உருவகித்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், அத்தோட்டத் தொழிலாளரைப் பற்றிய தமது ஆங்கில நாவலுக்கு ‘ரெட் டீ’ (1969) என்று பெயரிட்டார். தேநீரின் சிவப்பில் உழைப்பவரின் குருதியைக் காணச் செய்த பெயர் அது. இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் அந்நாவல் ‘எரியும் பனிக்காடு’ ஆயிற்று. அதைத் தழுவிய பாலாவின் ‘பரதேசி’ 2013இல் திரைக்கு வந்தது. சாப்ளினோ 1936இலேயே ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் தொழிலாளியை எந்திரத்தின் பற்சக்கரங்களுக்குள் நுழைய விட்டுக் காட்டியிருந்தார். மறைந்திருந்த சுரண்டலை இந்த உருவகங்கள் கண்முன் நிறுத்தின.

இன்றைய பெங்களூரில் செயலிகள் வழங்கும் உருவகங்களோ சுரண்டலை மறைக்கப் பயன்படுகின்றன. மழையிலும் நெரிசலிலும் உணவு சுமந்தோடும் இளைஞர் நிறுவனங்களின் மொழியில் தொழிலாளி அல்லர்; ‘டெலிவரி பார்ட்னர்’. வண்டியும் பெட்ரோலும் அவருடையவை. இலாபத்தில் பங்கில்லை, கூலியைத் தீர்மானிப்பதில் குரலில்லை. இது என்ன பங்காளித்தனம்?

தொழிலாளரின் தொடர் போராட்டங்களுக்குப் பின் கர்நாடகம் 2025இல் இவர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்கு வழங்கும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நிறுவனங்கள் நலக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயினும் சட்டத்தின் பெயரிலேயே ‘கிக்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டுள்ளது. அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர்கள் ஓரிரவுக் கச்சேரிக்கு வழங்கிய சொல் அது. நாள் முழுதும், ஆண்டுக்கணக்கில் ஒரே செயலிக்கு உழைப்பது ஓரிரவுக் கச்சேரியா?

இது வெறும் சொல் தகராறு அன்று. ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர் என்றே ‘கிக்’ தொழிலாளரை வரையறுக்கிறது. அந்த உறவை மறுத்தால் வைப்பு நிதி, குறைந்தபட்சக் கூலி, கூட்டுப் பேர உரிமை அனைத்தும் கைநழுவும். எனவே, நலக் கட்டணத்தோடு நில்லாது, ‘தொழிலாளி’ என்ற பெயரையும் அதற்குரிய முழு உரிமைகளையும் வென்றெடுப்பதே சங்கங்களின் முன்னுள்ள கடமை.