காற்று ஊருக்குப் பொது!

ஆடித்தபசு நாள். சங்கரன்கோவில் ரத வீதியில் தலைகள்தான் தெரியும். கூட்டத்தின் ஓரமாக 'பட பட' என்று வருகிறது ஒரு மோட்டார் சைக்கிள். தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையின் முகத்தில் புகை!

காரணம்? சைலன்சரில் இருந்த 'கிரியா ஊக்கி'யைக் கழற்றிவிட்டார்கள். சத்தம் கம்பீரமாக வர வேண்டுமாம்!

அது என்ன? தேன்கூடு போன்ற ஒரு கட்டை. அதன் கண்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். அந்தப் பூச்சு சூடேறியதும், எரியாத பெட்ரோல் ஆவி அதன்மேல் பட்டு, பிராணவாயுவுடன் சேர்ந்து நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும். உலோகம் செலவாவதில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்துவிட்டு விலகி நிற்கும் கல்யாணத் தரகர் மாதிரி!

இதற்கு எமன் ஈயம். ஈயம் படிந்தால் பூச்சு செத்துவிடும். அதனால், 1995 ஏப்ரலில் சென்னை உள்பட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானபோது, ஈயம் இல்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000-ல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது.

இப்படிப் பாடுபட்டுப் பெற்றதை வெறும் சத்தத்துக்காகத் தூக்கி எறியலாமா? கழற்றச் சொல்வதும் தவறு. கழற்றிக் கொடுப்பதும் தவறு.

வண்டி அவரவர் சொந்தம். காற்று ஊருக்குப் பொது!