ஆசிரியர் பெயரும் பதினாறு இலக்கமும்

ஒருவர் அரும்பாடுபட்டு எழுதிய ஆராய்ச்சியின் பெருமை அவரைச் சேராமல் அவருடைய தகப்பனார் பெயரில் ஏறிவிடுமாயின், அதை அநியாயம் என்றே சொல்லவேண்டும். நம்மவர் விஷயத்தில் இது சர்வ சாதாரணமாக நடந்து வருகிறது. வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளின் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான் உண்டு. கட்டத்தைக் காலியாக விட்டால் இயந்திரம் ஏற்பதில்லை. ஆகவே தகப்பனார் பெயரை எழுதி அனுப்புகிறார்கள். பிறகு உலகத்தார் மேற்கோள் காட்டுவதெல்லாம் அத்தகப்பனாரையே. அடுத்த கட்டுரையில் பெயரை வேறு விதமாக எழுதினாலோ, ஒரே மனிதர் இரண்டு ஆசாமிகளாகி விடுகிறார். விவாகத்திற்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட ஸ்திரீகளின் கதி இன்னும் பரிதாபம். அவர்களுடைய முற்பகுதி உழைப்பு அவர்கள் கணக்கிலேயே சேராமற் போகிறது. பிரசுரக் கணக்கைப் பார்த்து உத்தியோகமும் பண உதவியும் வழங்கும் இக்காலத்தில் இது வெறும் கௌரவப் பிரச்னை அன்று.

1983-ல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் இவ்விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. தகப்பனார் பெயராகிய சுப்பிரமணியன் முன்னே நிற்க, சொந்தப் பெயர் கடைசியில் அமைந்தது. 1999-ல் அமெரிக்கர் விண்ணில் ஏற்றிய தூரதர்சினிக்கு ‘சந்திரா’ என்று அவர் பெயரையே இட்டார்கள். எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

இந்தக் குழப்பத்திற்குப் பரிகாரமாக 2012-ல் ‘ஆர்க்கிட்’ என்னும் எண் முறை ஏற்பட்டது. நந்நான்காகப் பிரித்த பதினாறு இலக்கங்கள். கடைசி இலக்கம் முந்திய பதினைந்திலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவதால், எழுதுவதில் ஓரிலக்கம் பிசகினாலும் இயந்திரம் உடனே கண்டுகொள்ளும். ஆராய்ச்சியாளர் தாமே, செலவின்றி, பதிவு செய்துகொள்ளலாம். பெயர் மாறினாலும், கலாசாலை மாறினாலும், எழுத்துக் கூட்டல் மாறினாலும் எண் மாறாது.

மனிதனுக்கு எண்ணிடுவது சிறைச்சாலை வழக்கம் என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். பெயரை அழித்துவிட்டு எண் கொடுப்பதுதான் சிறைச்சாலை வழக்கம். இங்கேயோ அந்நியர் கட்டத்தில் அகப்பட்டுச் சிதையும் பெயரைக் காப்பதற்கே எண் வருகிறது. பதிவு செய்பவர் இன்னார்தான் என்று அந்த ஸ்தாபனம் சோதிப்பதில்லை என்பதும், ஒருவரே இரண்டு எண் பெற்றுவிட முடியும் என்பதும் மெய்யான குறைகள். ஆயினும் இன்றுள்ள குழப்பத்தோடு ஒப்பிட்டால் இவை அற்பம்.

நமக்குள்ள பெரிய ஆட்சேபம் வேறு. உயிரோடிருந்து தாமே பதிந்துகொள்பவருக்கே ஆர்க்கிட் உதவும். உ. வே. சாமிநாதையர் 1942-ல் காலமானார். அவருக்காகப் பதிவு செய்வது யார்? தமிழிலேயே சாமிநாதையர், சுவாமிநாதையர் என்று இரண்டு வழக்கு. ரோமன் லிபியிலோ ஒரு புத்தகசாலை அவரை ‘எஸ்’ வரிசையிலும், மற்றொன்று ‘சி’ வரிசையிலும், வேறொன்று ஐயர் என்ற சொல்லைக் கொண்டு ‘ஐ’ வரிசையிலும் வைக்கலாம். புதுமைப்பித்தனைத் தேடுகிறவன் விருத்தாசலத்தையும் தேடவேண்டும். மறைந்தோருக்கும் எண் வழங்குவதற்காக ‘ஐ.எஸ்.என்.ஐ.’ என்னும் சர்வதேச முறை இருக்கிறது. பல தேசத்து நூலகங்களின் பெயர்ப் பட்டியல்களை இணைக்கும் ‘வயாஃப்’ ஏற்பாட்டுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும், ஜெர்மன் தேசிய நூலகமும், ஓஹையோவிலுள்ள ஓ.சி.எல்.சி. ஸ்தாபனமும் 2003-ல் உடன்படிக்கை செய்துகொண்டன. இவற்றில் எண் பெறுவதற்கு ஆசிரியர் தாமே வரவேண்டியதில்லை. நூலகங்கள் அறிந்து தரும் விவரமே ஆதாரம். நம் ஆசிரியர்களை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இவ்வேலை நமக்குப் புதிதன்று. சென்னை ஸர்வகலாசாலை நூலகராயிருந்த சீர்காழி ரங்கநாதன் 1934-ல் வெளியிட்ட பட்டியல் விதிகளில் தென்னிந்தியப் பெயர்களுக்கென்று தனி விதி வகுத்தார். எண் முறை அந்தக் காரியத்தின் அடுத்த படி. 1948-ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி ஜனங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, பழம் புலவர் முதல் நேற்று மறைந்த நாவலாசிரியர் வரை ஒவ்வொருவருக்கும் தமிழ் லிபியில் ஸ்திரமான பெயர், புனைபெயர்கள், பிறந்த வருஷம், எண் ஆகியவற்றைக் குறித்த பதிவேட்டைக் கன்னிமரா நூலகம் முன்னின்று நடத்தட்டும். ஔவையார் என்ற ஒரே பெயரில் பல காலத்துப் புலவர்கள் பாடியிருப்பதால், அவர்களை வேறு பிரிக்கும் தகராறை அந்நிய நூலகத்துக் குமாஸ்தாவிடம் விடாமல் நம் வித்வான்களே தீர்த்துக் கொடுக்கட்டும். உயிரோடிருக்கும் ஆராய்ச்சியாளர் விஷயத்தில் ஸர்வகலாசாலைகள் செய்யவேண்டியது சுலபம்: ஆராய்ச்சி மாணவர் சேரும் நாளிலேயே, முதல் கட்டுரை அச்சேறுமுன், அவருக்கு எண் வாங்கிக் கொடுத்து, தமிழ்ப் பெயரையும் அதில் பதியச் செய்வதுதான்.