வெறும் 'ஏ' ஆறாவது படி

மதிப்பிற்குரிய செபி (இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) தலைவர் அவர்களுக்கு,

பொது வெளியீடாக வராமல் தனிப்பட்ட முறையில் விற்கப்படும் கம்பெனிக் கடன் பத்திரங்களின் முகமதிப்பு முன்பு 10 லட்சம் ரூபாய். உங்கள் வாரியம் அதை 1 லட்சமாகவும், 2024-ல் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு 10,000 ரூபாயாகவும் குறைத்தது. என்னைப் போன்ற சிறு முதலீட்டாளர்களுக்கு இது நல்ல செய்திதான்; ஆனால் எதை வாங்குகிறோம் என்பது எங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

இந்தப் பத்திரங்களை விற்கும் தளத்தைத் திறந்தால், செல்பேசித் திரையில் 12 சதவீத வட்டி பெரிதாகத் தெரிகிறது; பக்கத்தில் சின்னதாக 'ஏ' என்ற தரக் குறியீடு. பள்ளி மதிப்பெண் போலத்தான் அதைப் படிக்கிறோம்: 'ஏ' என்றால் நல்ல பிள்ளை. ஆனால் டிரிபிள் ஏ-யிலிருந்து இறங்கி வந்தால் வெறும் 'ஏ' ஆறாவது படி. 'பி.பி.பி. மைனஸ்' பத்தாவது படி. முதலீட்டுத் தரம் அதோடு முடிந்துவிடுகிறது. இந்த ஏணியை எந்தத் திரையும் எனக்குக் காட்டியதில்லை.

உச்சிப் படியில் நின்றாலும் நிம்மதி இல்லை என்பதை 2018 காட்டியது. பரங்கிப்பேட்டை அருகே அனல்மின் நிலையம் கட்டிய ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமத்தின் தாய் நிறுவனம், அந்த ஆண்டின் ஆகஸ்ட் தொடக்கத்தில்கூட டிரிபிள் ஏ. செப்டம்பரில் 'டி', அதாவது கடன் தவறியவர். குழுமத்தின் கடன் 90,000 கோடிக்கு மேல். தரம் பார்த்து வாங்கிய வருங்கால வைப்பு நிதிகளின் பணமும் அதில் சிக்கியது. அடுத்த ஆண்டே வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல்.லும் அதே வழியில் போனது. ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். விவகாரத்தில் மூன்று தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்கு 2019-ல் நீங்கள் முதலில் விதித்த அபராதம் தலா 25 லட்சம். போன பணத்தோடு அதை ஒப்பிட மனம் வரவில்லை.

தரம் போடும் நிறுவனத்துக்குக் கட்டணம் தருவது கடன் வாங்கும் கம்பெனியே. வேறு யார் தருவார்கள் என்ற கேள்விக்கு உலகில் எங்குமே நல்ல விடை கிடைக்கவில்லை. உங்களிடம் மட்டும் அதைக் கேட்பது நியாயமில்லை. நான் கேட்பது சிறியது.

தரம் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, மூன்று ஆண்டுகளில் எப்படி மாறியது, அதே படியில் இருந்த கம்பெனிகளில் எத்தனை சதவீதம் கடன் தவறின என்ற விவரங்களைத் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் உங்கள் ஆணைப்படி தங்கள் தளங்களில் வெளியிடுகின்றன. அங்கே போய்த் தேடுபவர் யார்? அவற்றை 'வாங்கு' பொத்தானுக்கு மேலேயே, வட்டி விகிதம் அச்சாகும் அதே அளவு எழுத்தில், தமிழிலும் போடச் சொல்லுங்கள். கூடவே இரண்டு வரிகள்: வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இந்தப் பத்திரத்துக்குக் கிடையாது. அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்க ஆள் கிடைக்குமா என்பதைத் தரக் குறியீடு சொல்லாது.

இணையவழிப் பத்திரத் தளங்கள் 2022 முதல் உங்கள் விதிகளின்கீழ் இயங்குகின்றன. ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
ஒரு சிறு முதலீட்டாளர்