ஞாயிற்றுக்கிழமையை விற்கலாமா?

தாராவியிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பி, மின்சார ரயிலில் இடிபட்டு வேலைக்குப் போகிறவர் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிறது. பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். ஆறு நாளும் இதே கதைதான். ஞாயிறன்றுதான் எண்ணெய்க் குளியல், ஆற அமரக் கறிக்குழம்பு, மாலையில் சின்னதைத் தோளில் ஏற்றிக்கொண்டு தாதர் கடற்கரை, ஒரு பொட்டலம் வேர்க்கடலை.

அதையும் ஓவர்டைம் காசுக்கு விற்கிறார்கள் பலர். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், சீட்டுக் கட்ட வேண்டும், நியாயம்தான். ஆனால் இந்த விடுமுறை சும்மா வந்ததல்ல. நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் மும்பை ஆலைத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடி 1890-இல் பெற்றது. மாதம் இரண்டு ஞாயிறையாவது வீட்டுக்கு விட்டுவைக்கலாம்.

'ஞாயிறு வராதவன் திங்களும் வரவேண்டாம்' என்று மிரட்டும் கான்டிராக்டரைத் தட்டிக்கேட்பது மட்டும் தனி ஆளால் ஆகாது. அதற்குச் சங்கம் முன்வர வேண்டும்.