காற்று ஓய்ந்த கடலில் ஒரு பாய்

கடற்பயணம் பற்றி நம்மவர்கள் எழுதத் தொடங்கினால் இரண்டாம் வரியிலேயே புயல் வந்துவிடுகிறது. 2018இல் தென் இந்தியப் பெருங்கடலில் அபிலாஷ் டோமியின் படகு பாய்மரம் ஒடிந்து கிடந்ததும், அவர் மீட்கப்பட்டதும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே டோமி 2023 ஏப்ரலில் கோல்டன் குளோப் பந்தயத்தில் உலகைத் தனியாகச் சுற்றி இரண்டாவதாக வந்து சேர்ந்ததைச் சொன்னால் பலர் நெற்றியைச் சுருக்குகிறார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கடற்படையின் தாரிணி படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள். அவர்களைப் பற்றி நான் படித்த கட்டுரைகளிலும் மலைபோன்ற அலை, உறையவைக்கும் குளிர், ஊளையிடும் காற்று. எல்லாம் உண்மைதான். ஆனால் கோவாவிலிருந்து தெற்கே போய்த் திரும்பும் பாய்ப்படகு நிலநடுக்கோட்டை இருமுறை தாண்டியாக வேண்டும். அந்த வட்டாரத்தில் காற்று சில வேளை நாள்கணக்கில் செத்துக் கிடக்கும். பாயை மட்டும் நம்பிப் போகிறவருக்கு அங்கே என்ன வேலை இருக்கும்? அதைச் சொல்லும் ஒரு தமிழ்க் கட்டுரை என் கண்ணில் படவில்லை.

பெருங்காற்றில் படகைக் காப்பதற்குத் துணிவு வேண்டும். காற்று குறைந்தபோது படகை நகர்த்துவதற்கு அதைவிட அரிதான ஒன்று வேண்டும் என்பது என் எண்ணம். அதைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சுந்தரபாண்டியபுரத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழாசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயம்தான். எங்கள் பக்கம் நீரில் மிதப்பவை குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக் குளத்துச் சவாரிப் படகுகள் மட்டுமே. என்னை இதற்குள் இழுத்துவிட்டது புறநானூறு. அதன் 66ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனை, கடலில் நாவாய் செலுத்திக் காற்றை ஏவல்கொண்டவனின் வழித்தோன்றல் என்று விளிக்கிறார். மேடைதோறும் முழங்கப்படும் தொடர் அது. வகுப்பில் இதை நடத்தியபோது ஒரு மாணவி, “காற்றை எப்படி ஐயா வேலை வாங்கினார்கள்?” என்று கேட்டாள். பழைய உரையைப் பிரித்தேன். காற்றில்லாமல் நாவாய் ஓடாதபோது காற்றுக்குரிய தெய்வத்தை அழைத்து ஏவல்கொண்டான் என்று உரைகாரர் விளக்கம் சொல்கிறார். கவனிக்க வேண்டும்: அவரும் புயலை நினைக்கவில்லை. காற்றற்ற கடலைத்தான் நினைக்கிறார். அந்த அளவில் அவர் நம் மேடைப் பேச்சாளர்களைவிடக் கடலுக்கு நெருக்கமானவர். ஆனால் கயிற்றைப் பிடித்திருந்தவன் என்ன செய்தான் என்ற இடம் வந்ததும் தெய்வத்தை அழைத்துவிட்டார்.

இன்றைய பாய்ப்படகில் அந்த இடத்தை நிரப்புவது ஸ்பின்னேக்கர் என்ற பாய். 1860களில் இங்கிலாந்தின் பந்தயப் படகுகளில் பழக்கத்துக்கு வந்தது. பழந்தமிழரிடம் இருந்ததா என்று தேட வேண்டியதில்லை. காற்று பின்னாலிருந்தோ பின்பக்கவாட்டிலிருந்தோ வரும்போது, படகின் முன்புறம் பலூன்போல் புடைத்து நிற்கும். மற்றப் பாய்கள் ஒரு விளிம்பு முழுவதும் மரத்தோடோ கம்பியோடோ பிணைந்திருக்கும். இதற்கு மூன்று மூலைகளைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. துணி மெல்லிய நைலான். இளங்காற்றுக்கென்று தைக்கப்படுவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிராம்தான் இருக்கும். நாம் கட்டும் வேட்டி அதைவிடக் கனம். பாய் என்பதைவிடப் பட்டம் என்று நினைத்துக்கொண்டால் இதைப் புரிந்துகொள்வது எளிது. பட்டத்தைப்போலவே இதையும் கயிற்றால் பறக்கவிட வேண்டும்.

பாயின் கீழ்மூலையிலிருந்து கைக்கு வரும் கயிற்றுக்குத் தாமான் என்று நம் கடலோரத்தில் பெயர் உண்டு. ஸ்பின்னேக்கரைக் கையாளும் விதி இந்தத் தாமானில் இருக்கிறது. அதை இளக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் காற்று வரும் பக்கத்து விளிம்பு லேசாக உள்ளே மடங்கும். மடங்கியதும் ஒரு சாண் இழுக்க வேண்டும். மடிப்பு நீங்கும். மறுபடியும் இளக்க வேண்டும். மணிக்கணக்கில் இதுவேதான் வேலை. விளிம்பிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. புதியவர்கள், பாய் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் கயிற்றை இறுக்கிப் பிடிப்பார்கள். இறுக்கிய பாய் பார்வைக்கு அழகாகப் புடைத்திருக்கும். படகு மட்டும் சோர்ந்துவிடும். சரிந்துவிழும் எல்லையில் நிற்கும் பாய்தான் நன்றாக இழுக்கிறது.

காற்று மேலும் குறைந்தால் வேலை இன்னும் நுட்பமாகிறது. கழி வைத்துக் கட்டும் வகையில் பாயின் கீழ்மூலைகள் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். தாமான் பக்கத்து மூலை தன் கனத்தில் தாழும்போது, மறுபக்கத்துக் கழியையும் அதற்கேற்பத் தாழ்த்துவார்கள். தடித்த கயிற்றைக் கழற்றிவிட்டு மெல்லியதைக் கட்டுவார்கள். நனைந்த கயிற்றின் எடைகூடப் பாயைத் தொங்கவைத்துவிடும். ஆட்கள் முன்பக்கம் நகர்ந்து அமர்ந்து, படகின் பின்பகுதி நீரில் இழுபடாமல் பார்த்துக்கொள்வார்கள். பக்கவாட்டுக் காற்றில் செல்கையில் படகைச் சற்றே காற்றின் மறுபக்கம் சாய்த்துவைத்தால், பாய் தன் எடையிலேயே வடிவம் கொள்ளும். ஒருவர் தடதடவென்று நடந்தால் போதும், பாயில் இருக்கும் கொஞ்சக் காற்றும் உதிர்ந்துவிடும்.

எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று. மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் காற்று பின்னாலிருந்து வருகிறது. படகு அதே திசையில் 3 கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாயில் படுவது 2 கடல் மைல் காற்றுதான். படகு ஓட ஓடத் தன்னைத் தள்ளும் காற்றையே இழக்கிறது. அதே காற்றுக்குக் குறுக்காகத் திரும்பி 4 கடல் மைல் வேகம் எடுத்தால், படகின் ஓட்டம் எழுப்பும் காற்றும் சேர்ந்து 6 கடல் மைலுக்கு மேல் பாயில் படும். ஆகவே இளங்காற்றில் நேர்வழி நல்ல வழியாக இருப்பதில்லை. சற்றே காற்றை நோக்கித் திரும்பி வேகம் சேர்த்துக்கொண்டு, அந்த வேகத்தின் பலத்தில் மெல்ல இலக்கின் பக்கம் இறங்க வேண்டும். பாய் தளர்ந்தால் மறுபடியும் ஏற வேண்டும். எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்று சுக்கான் பிடித்தவருக்குத் தெரியாது. தாமான் பிடித்தவரின் உள்ளங்கைக்குத்தான் தெரியும். கனம் வருகிறது, கனம் போகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அதைக் கேட்டு மற்றவர் திருப்புவார். படகை ஓட்டுவது யார் என்று அப்போது சொல்வது கடினம்.

இந்தக் கலை நம்மிடையே இல்லாத ஒன்று என்று யாரும் நினைக்க வேண்டாம். சென்னையைச் சேர்ந்த கே.சி. கணபதியும் வருண் தாக்கரும் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ‘ஃபார்ட்டி நைனர்’ படகில் வெண்கலம் வென்றார்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஓட்டினார்கள். அதே 2018 போட்டியில் சென்னையின் வர்ஷா கௌதமும் மும்பையின் ஸ்வேதா ஷெர்வேகரும் பெண்கள் பிரிவில் வெள்ளி வென்றனர். ஃபார்ட்டி நைனர் 5 மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள படகு. அதன் ஸ்பின்னேக்கர் 38 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 400 சதுர அடி. ஒரு படுக்கையறை கொண்ட அடுக்ககத்தின் பரப்பை இரண்டு பேர் பறக்கவிடுகிறார்கள். அந்தப் படகில் இதற்குக் கழி இல்லை. முன்னே நீண்ட ஒரு கொம்பில் கட்டியிருக்கும். விளிம்பு மடங்கும் விதி மட்டும் அதே விதிதான். (நேத்ரா குமணன் ஒலிம்பிக்கில் ஓட்டிய படகுக்கு ஒரே பாய்தான், ஸ்பின்னேக்கர் கிடையாது. பாய்ப்படகையும் துடுப்புப் படகையுமே ஒன்றாக்கி ‘படகுப் போட்டி’ என்று எழுதும் நம் விளையாட்டுச் செய்திகளில் இந்த வேறுபாட்டை எதிர்பார்ப்பது பேராசை.)

கடல் அறியாத எங்கள் ஊரில் மெல்லிய காற்றை அறிந்தவர்கள் இருந்தார்கள். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று சூரியகாந்தித் தோட்டங்களை ஒரே பக்கமாகச் சாய்த்துவிடும். காற்றாலைகளுக்கு அது கொண்டாட்டம். களத்தில் நிற்பவருக்கு அது உதவாது. பெருங்காற்றில் தூற்றினால் பதரோடு மணியும் போய்விடும். இளங்காற்று வேண்டும். அது வந்ததா என்று பார்க்க ஒரு பிடிப் பதரை அள்ளி விட்டுப் பார்ப்பார்கள். பிறகு சுளகை உயர்த்துவார்கள், காற்று சற்றுத் தளர்ந்தால் விடும் வேகத்தைக் குறைப்பார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழியை இன்று வாய்ப்பைச் சுருட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் என்று பொருள்கொள்கிறோம். களத்தில் நின்றவர்களுக்கு அது காற்றைப் படிக்கும் பாடமாக இருந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் அந்தப் பாடமும் போயிற்று. அதைப் பற்றிய பேச்சும் போயிற்று.

கடலோரத்திலும் இதேதான் நடந்திருக்கிறது. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற காலத்தில், பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாய் தொங்கும் குறுக்குக் கழி பருமல். ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ 2009இல் வெளிவந்து, 2013இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. அந்நாவலைப் படித்தவர்களுக்குத் தோணிக்காரர்களின் மொழி எவ்வளவு அடர்த்தியானது என்று தெரிந்திருக்கும். தோணியில் இயந்திரம் பொருத்தியபின் அந்தச் சொற்களுக்கு வேலை குறைந்தது. பேரகராதி சில பெயர்ச்சொற்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பெயர்ச்சொல் கிடைத்தால் போதாது. பாய் தளர்வதை, துடிப்பதை, மடங்குவதை, கயிற்றில் கனம் ஏறுவதைச் சொன்ன வினைகள் எங்கே? கரிகாலனின் முன்னோரைப் பாடும் நாம் அவற்றைத் தேடி ஒரு நாள்கூடச் செலவிடுவதில்லை. கலைச்சொல் குழு கூடி ஸ்பின்னேக்கருக்குப் ‘புடைப்பாய்’ என்று ஒரு பெயர் சூட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. அது ஸ்பின்னேக்கராகவே இருந்துவிட்டுப் போகட்டும். பாயை இயக்கிய கைகள் பேசிய சொற்கள்தாம் வேண்டும்.

தூத்துக்குடி, கீழக்கரை, நாகப்பட்டினம் பக்கத்து நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாயோட்டிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். காற்று தளர்ந்து, பாயின் விளிம்பு உள்வாங்கி, விழவும் விழாமல் நிற்கும் அந்த நிலைக்கு அவர்கள் என்ன சொல் வைத்திருந்தார்கள்?