ரெடிமேடா, தைத்துக்கொள்வதா?

பி.காம். சேர்ந்திருக்கும் பெண், “அம்மா, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்” என்கிறாள். நியாயமான ஆசைதான். சீட்டுப் பணமும் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் அதே பணத்தின் மேல் கல்யாணக் கடனும் ஒரு கண் வைத்திருக்கிறது. ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது. கம்பெனிப் பெட்டியாக வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கி ‘அசெம்பிள்’ செய்வதா?

பாகங்களைச் சேர்ப்பது எப்படிச் சாத்தியமாயிற்று தெரியுமா? 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் பெர்சனல் கம்ப்யூட்டரை, பிறர் செய்த பாகங்களைக் கொண்டே அமைத்தது. உள்ளே உள்ள அமைப்பையும் வெளியிட்டது. 1995-ல் இன்டெல் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்ற அளவுமுறையை வகுத்தது. அதனால்தான் ஒருவர் செய்த மதர்போர்டு, இன்னொருவர் செய்த பெட்டியில் கச்சிதமாக உட்காருகிறது. சென்னை ரிச்சி தெருவின் வியாபாரமே இதில் அடங்கியிருக்கிறது!

ஆனால், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊத்துக்கோட்டையில் குடியிருப்பவர்களுக்கு ரிச்சி தெரு சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரம். வாங்குவது ஒரு நாள் காரியம். பழுது வந்தால் என்ன செய்வது? அசெம்பிள் செய்ததில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. எது கெட்டது என்று கண்டுபிடித்து, அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியவர் பெரும்பாலும் நீங்கள்தான். கம்பெனிப் பெட்டிக்கு ஒரே பில், ஒரே வாரண்டி. வீட்டுக்கே ஆள் அனுப்புவார்களா, உங்கள் பின்கோடுக்கு வருவார்களா என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த பிள்ளையோ பெண்ணோ இருந்தால் அசெம்பிள் செய்யுங்கள். இல்லாவிட்டால் கம்பெனிப் பெட்டியே நிம்மதி.

எதை வாங்கினாலும் இவற்றைக் கவனியுங்கள். கணக்குப் பாடத்துக்கும் கட்டுரை எழுதுவதற்கும் தனி கிராஃபிக்ஸ் கார்டு அவசியமில்லை. ஆனால் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசஸரில் படம் காட்டும் பகுதி இராது. விலை குறைவென்று ஏமாறாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி. வெகு வேகம். ராம் எட்டு ஜி.பி.யாவது இருக்கட்டும். 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியது. ஆதலால் பழைய விலைப் பட்டியலை நம்பாமல் அன்றைய விலையைக் கேளுங்கள். பின்னால் கூட்டிக்கொள்ள ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலிவாகக் கிடைக்கும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மனத்தை இழுக்கும். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை, மிகச் சில நீங்கலாக, விண்டோஸ் 11-க்கு ஏற்றவை அல்ல. தலைமுறையைக் கேட்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள். விண்டோஸுக்குத் தனி விலை உண்டு என்பதும் நினைவிருக்கட்டும். லினக்ஸ் இலவசம்தான், ஆனால் பி.காம். பெண்ணுக்கு வேண்டிய டாலி, விண்டோஸுக்கென்று செய்தது.

மின்சாரம் போய்வரும் வீட்டில் ஒரு யூ.பி.எஸ். அவசியம். வேலையைச் சேமித்து அணைக்கச் சில நிமிஷம் கொடுக்கும். இன்வெர்ட்டர் போல மணிக்கணக்கில் ஓட்டாது. “பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்” என்பவரிடம் மட்டும் மயங்காதீர்கள். வரி மிச்சமாகும்; வாரண்டி காற்றில் போய்விடும்.

கடைசியாக ஒன்று. பெண்ணின் பெயரைச் சொல்லி வாங்கிய கம்ப்யூட்டரில் தம்பி விளையாடிக்கொண்டிருக்க, அவள் செல்போனில் கணக்குப் போடும் வீடுகளும் உண்டு. முதல் நாளே நேரத்தைப் பங்கிட்டு விடுங்கள். அதில் உங்களுக்கும் அரைமணி ஒதுக்கிக்கொள்ளுங்கள், சகோதரிகளே! தமிழ்நாட்டு அரசு 1999-ல் ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. வீட்டுக் கணக்கை இனித் தமிழிலேயே எழுதலாம்.