பாயில் ஏறும் சாயம் என்ன சாயம்?

கல்யாணம் நிச்சயமானதும் பத்தமடையில் பாய்க்குச் சொல்லி வைப்பது நெல்லைச் சீமை வழக்கம். மணமக்களின் பெயரையே பாயில் நெய்து கொடுப்பார்கள். பட்டுப்போல மடியும் பாய்! 1953-ல் எலிசபெத் ராணி முடி சூடியபோது பத்தமடைப் பாய் லண்டனுக்குப் பரிசாகப் போனது.

அதற்கு முந்திய ஆண்டில், அதே லண்டனில், ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு புதிய சோதனை முறையை வெளியிட்டார்கள். 'காஸ் குரோமட்டோகிராபி' என்று அதற்குப் பெயர். பாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பாயின் வண்ணத்தில் இருக்கிறது சம்பந்தம்.

கோரையைச் சாயத்தில் போட்டுக் காய்ச்சித்தான் நிறம் ஏற்றுகிறார்கள். முன்பு சப்பங்கிக் கட்டை போன்றவற்றின் சாயம். பிறகு பாக்கெட் சாயம் வந்தது. விலை மலிவு, நிறமோ பளிச்!

ஆனால் ரசாயனச் சாயங்களில் 'அஸோ' என்று ஒரு பெருங்குடும்பம் உண்டு. அதில் சில சிதைந்தால் பென்ஸிடின் போன்ற நச்சுப் பொருள்கள் வெளிப்படும். பென்ஸிடின் மூத்திரப்பையில் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. இத்தகைய சாயங்களை இந்திய அரசாங்கம் 1997-ல் தடை செய்தது.

தடை சரி. கண்டுபிடிப்பது எப்படி? கண்ணுக்கு எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்புத்தான்.

இங்கேதான் அந்தக் கருவி உதவுகிறது. சாயம் சூட்டில் லேசில் ஆவியாகாது. ஆகையால் முதலில் அதை ரசாயனத்தால் உடைத்து, வெளிப்படும் பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள். அதில் ஒரு துளியை ஆவியாக்கி, மயிரிழைபோன்ற துளையுள்ள நீண்ட குழாயில் வாயுவோடு சேர்த்து ஓட்டுகிறார்கள். 30 மீட்டர் நீளக் குழாய், சுருட்டிச் சூடான பெட்டிக்குள் வைத்திருக்கும். திருவிழாக் கடைத்தெருவில் ஒருத்தி வளையல் கடையில் நிற்பாள். இன்னொருத்தி எங்கும் நிற்காமல் போய்விடுவாள் அல்லவா? அதுபோல ஒவ்வொரு பொருளும் குழாயில் வெவ்வேறு நேரம் தங்கி, தனித் தனியே வெளியே வரும். வருகிற நேரத்தைக் கொண்டு இன்னது என்றும், அளவைக் கொண்டு இவ்வளவு என்றும் கணித்துவிடலாம். ஒரு கிலோ துணியில் 30 மில்லிகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருந்தால் ஐரோப்பாவில் அதை விற்க முடியாது.

திருப்பூரிலிருந்து கப்பலேறும் பனியனுக்கு இந்தச் சோதனை நடக்கிறது. வெள்ளைக்காரர் உடம்புக்கு இருக்கும் கவலை, பச்சைக் குழந்தை வியர்த்து உறங்கும் பாய்க்கு வேண்டாமா? சாயம் கொதிக்கும் அடுப்பருகே நாள் முழுதும் நிற்கிறவர்களுக்கு வேண்டாமா?

பத்தமடைப் பாயில் நஞ்சு என்று பழி போடுவதற்கில்லை. அந்தப் பழி வராமலிருக்கத்தான் சோதனை வேண்டும். பல லட்ச ரூபாய்க் கருவியைப் பாய் நெய்பவரா வாங்குவார்? செலவு சாயம் தயாரிப்பவருடையது. தடை செய்த சாயம் இதில் இல்லை என்று, சோதித்த தேதியோடு, பாக்கெட்டின் மேல் தமிழில் அச்சிட்டு ஒட்டட்டும். விலை ஏறிவிடும் என்பார்கள். ஒரு தொட்டிச் சாயத்துக்கு ஒரு சோதனை போதும். அந்தச் செலவை ஆயிரம் பாக்கெட்டுக்குப் பங்கு போட்டால் எத்தனை காசு வரும்?